ஒரு புசல் பச்சைப்பெருமாள்: தம்பலகாமத்தில் ஐந்து போகங்கள்

வெள்ளைத் தட்டில் 100 நெல்மணிகளை எண்ணிப் போட்டு, நகத்தால் உமியை உரித்தோம். சிவப்பு 77, வெள்ளை 23. பச்சைப்பெருமாள் சிவப்பரிசி இனம், அதற்குள் வெள்ளை ஒன்றுகூட வரக் கூடாது. 2022 மார்ச்சில், முதல் வெட்டு முடிந்து பத்து நாளில் இது நடந்தது. அதுவரை பழைய நெல்லை மீட்டுவிட்டோம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம்.

அந்தத் தட்டுக்கு முன்னும் பின்னுமாக நாங்கள் செய்த ஐந்து போகங்களின் கதையை இங்கே எழுதுகிறேன். பாரம்பரிய நெல்லைப் பற்றிப் பேசும்போது அரிசியின் ருசியையும் சத்தையும் எல்லோரும் சொல்கிறார்கள். விதையை எப்படிக் கலப்பில்லாமல் வைத்திருப்பது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. எங்களை விழுத்தியது அதுதான். ஆகவே அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன்.

வயலும் தண்ணீரும்

எங்கள் காணி திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் நாலு ஏக்கர். தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. அது குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டிய குளம் என்பது எங்கள் மரபு. வரலாற்று நூல்கள் 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனைச் சொல்கின்றன. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதை அப்பா இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்.

குளத்துத் தண்ணீரில் செய்கிற வேளாண்மைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடும். எந்தத் திகதிக்குள் விதைக்க வேண்டும், எப்போது தண்ணீர் நிறுத்தப்படும், எத்தனை மாத நெல் போடலாம் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகும். இப்போது அந்தக் கணக்கு மூன்று, மூன்றரை மாத நெல்லுக்கு அளந்தது. ஐந்து மாத நெல்லை ஒருவர் ஆசைப்பட்டுப் போட்டால், பக்கத்து வயல்காரர் வெட்டி முடித்து மாடு விட்ட பிறகும் இவர் தண்ணீருக்காக, அதைப் பங்கிட்டு விடும் வட்டவிதானையின் பின்னால் நடக்க வேண்டும். பழைய இனங்கள் எங்கள் வட்டையை (வயல்வெளியை) விட்டுப் போனதற்கு விளைச்சல் குறைவு என்பதை மட்டும் காரணமாகச் சொல்கிறார்கள். இந்த நாள்கணக்கும் ஒரு பெரிய காரணம்.

இன்னொரு காரணம் இடப்பெயர்வு. எங்கள் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் சாக்கில் கட்டி வைத்த விதைநெல் ஒரு வருடம் நன்றாக முளைக்கும். அதற்குப் பிறகு முளைதிறன் மளமளவென்று விழுந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் 1990இல் போருக்குத் தப்பி ஓடியவர்களும் இருக்கிறார்கள். 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து வெளியேறி, ஒன்பது பத்து வருடங்களுக்குப் பிறகு காணிக்குத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். விதைமூட்டை அப்படியே வீட்டில் இருந்திருந்தால்கூட, இரண்டு மூன்று வருடம் விதைக்காமல் விட்டால் அது வெறும் நெல். வீட்டைத் திரும்பக் கட்டலாம், கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கலாம். போன இனத்தை, வேறெங்காவது யாராவது விதைத்துக்கொண்டிருந்தால் மட்டும்தான் திரும்பக் கொண்டுவர முடியும்.

புதிய இனங்களோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் மூன்று ஏக்கரில் இன்றைக்கும் பீஜி 352 தான் நிற்கிறது. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இனங்கள் இல்லாமல் இந்த நாடு சோறு தின்றிருக்காது. அந்த இனங்களின் வேரும் பழைய நெல்லில்தான் இருக்கிறது. 1958இல் வந்த எச் 4, எங்கள் முருங்கைக்காயனையும் இந்தோனேசியாவின் மாஸ் என்ற நெல்லையும் கலந்து பிறந்தது. அறக்கொட்டிப் பூச்சியைத் தாங்கும் குணத்தை உலகம் முழுக்க நெல் ஆராய்ச்சியாளர்கள் தேடியபோது, இலங்கையின் ரத்து ஹீனட்டி என்ற பழைய நெல்லில் கண்டெடுத்தார்கள். தாய் போய்விட்டால் அடுத்த பிள்ளைக்கு எங்கே போவது?

தொடக்கம்

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தபோது மாரிகாலப் பெரும்போகம் தொடங்கிவிட்டது, கையில் யூரியா வரவில்லை. பயிர் ஒரு முழம் வளர்ந்து மஞ்சளாகி நின்றது. வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "இதெல்லாம் யூரியாவைக் கேட்டுப் பிறந்த நெல். கேட்காத நெல்லும் இருந்தது தம்பி" என்றார். அவர் பச்சைப்பெருமாளைத்தான் சொன்னார். மூன்றரை மாத நெல் என்பதால் குளத்துத் தண்ணீர்க் கணக்கிலும் அது அடங்கும்.

அந்தப் போகத்துக்கு வெளிமாவட்டத்து விற்பனையாளர் ஒருவரிடமிருந்து ஒரு புசல் விதை ஏற்கெனவே வாங்கியிருந்தோம். ஏறக்குறைய 21 கிலோ. அரை ஏக்கரில் விதைத்தோம். மற்ற வயல் மஞ்சளாகியபோது அது பச்சையாக நின்று, இடுப்பைத் தாண்டி வளர்ந்தது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. உயரத்தில் ஏற்ற இறக்கம் இருந்ததைக் கண்டோம், ஆனால் பழைய நெல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். வெட்டு மெசின் பக்கத்து வயலை முடித்துவிட்டு நேரே எங்கள் அரை ஏக்கருக்குள் இறங்கியது. 11 புசல் கிடைத்தது.

பிறகுதான் அந்தத் தட்டு. மாமி ஒரு பிடி நெல்லைக் குத்திக் கஞ்சி வைக்க எடுத்தவர், சுளகிலேயே வெள்ளையைக் கண்டு கூப்பிட்டார்.

எங்கிருந்து வந்தது வெள்ளை?

நல்லவேளையாக, வாங்கிய விதையில் ஒரு போத்தல் விதைக்காமல் வைத்திருந்தோம். அதிலும் 100 மணி உரித்துப் பார்த்தோம். வெள்ளை 9. ஆக, வாங்கும்போதே கலப்பு இருந்திருக்கிறது. 9 எப்படி 23 ஆனது? மூன்று வழிகள்.

முதலாவது மெசின். ஒரு வயலை வெட்டி முடித்தாலும் அதன் தொட்டியிலும் சுருள் குழாயிலும் கிலோக் கணக்கில் நெல் தங்கும். மூட்டை மூட்டையாக நெல் விற்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விதைக்கு வைப்பவருக்கு அது கலப்படம். இரண்டாவது, போன போகத்தில் வயலில் உதிர்ந்த பீஜி நெல், உழுத பிறகு தானாக முளைத்தது. மூன்றாவதை நாங்கள் யோசித்தே பார்க்கவில்லை: கலந்திருந்த புதிய இனம் கூடுதலாகக் கட்டுவெடித்து (அடியில் கிளைத்து), கூடுதலாக மணி வைக்கிறது. விதையில் பத்தில் ஒரு பங்காக இருப்பது, விளைச்சலில் அதைவிடப் பெரிய பங்காக வந்து நிற்கிறது. இப்படியே நாலு போகம் விட்டால் பெயர் மட்டும் பச்சைப்பெருமாளாக இருக்கும்.

நெல்லை நெல்லாகப் பார்த்துப் பிரிக்க முடியாது, உமி எல்லாம் ஒரே வைக்கோல் நிறம். சிவப்பாக இருப்பதெல்லாம் பச்சைப்பெருமாள் என்றும் சொல்ல முடியாது. கிழக்கில் பலர் போடுகிற ஏடி 362உம் சிவப்புத்தான். வயலில் பயிர் நிற்கும்போது கண்டு பிடுங்குவதுதான் ஒரே வழி.

மாவீ பூக்கவில்லை

இடையில் 2022 கோடைகாலச் சிறுபோகத்தில் இன்னொரு ஆசை. நண்பர் ஒருவர் மாவீ என்ற பழைய நெல்லில் ஒரு கைப்பிடி கொடுத்தார். மேமாதம் வீட்டோரப் பாத்தியில் நட்டோம். கரும்பச்சையாய், தோளுயரம் வளர்ந்தது. ஓகஸ்ட் போனது, செப்டெம்பர் போனது, கதிர் இல்லை. அக்கம்பக்கத்தார் மாட்டுக்குப் புல் வளர்க்கிறீர்களா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

காரணம் எளிமையானது. மாவீ போன்ற நீண்டகால மாரி நெல், பகல் குறுகும்போதுதான் பூக்கும். திருகோணமலையில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்தான். நாம் உணரவே உணராத அந்த ஒரு மணித்தியாலத்தை இந்தப் பயிர் நாள்தோறும் கணக்கு வைக்கிறது. எப்போது விதைத்தாலும் மாரி முடிகிற நேரம் பார்த்து, வெயில் வந்த பிறகு முற்றுவதற்கு அது பழகியது. மானாவாரிக் காலத்தில் அது பெரிய பாதுகாப்பு. மழை முந்தினாலும் பிந்தினாலும் அறுவடை ஏறக்குறைய ஒரே காலத்தில் வரும். சிறுபோகத்தில் நட்டது எங்கள் பிழை. பழைய விதை வாங்குகிறவர்கள் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், எந்தப் போகத்து நெல் என்றும் கேளுங்கள்.

ஒரு கை யூரியா

2022/23 பெரும்போகம். 23 விழுக்காடு கலந்த அதே விதையைத்தான் மறுபடி விதைத்தோம், வேறு விதை கையில் இல்லை. கட்டையாக நிற்பதையெல்லாம் கதிர் வரும் நேரம் இறங்கிப் பிடுங்குவது என்று திட்டம்.

அப்போது யூரியா மறுபடி கிடைக்கத் தொடங்கியிருந்தது. மற்ற வயலுக்கு எறியும்போது, ஐந்தாவது கிழமையில், இதற்கும் கொஞ்சம் எறிந்தேன். ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கை பழகிவிட்டது. பயிர் இரண்டு கிழமையில் கறுத்து, இலை சரிந்து, தண்டு நீண்டது. ஜனவரி மழையில் ஓர் இரவுக்குள் அரை ஏக்கரும் பாய் விரித்ததுபோலப் படுத்துவிட்டது. படுத்த வேளாண்மைக்குள் கால்வைத்துக் கலப்புப் பிடுங்க முடியாது. தண்ணீருக்குள் கிடந்த கதிர் வயலிலேயே முளைத்தது.

நெட்டைப் பயிருக்கு யூரியா கொடுத்தால் அது மணியாகாமல் உயரமாகப் போகும். அதற்காகத்தானே கட்டை இனங்களை உருவாக்கினார்கள். இது படித்துத் தெரிந்த விஷயம்தான். வயலில் நின்று பார்க்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை. அன்றைக்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வாய்க்காலை வெட்டி விட்டுத் தண்ணீரை வடியவைத்துக்கொண்டிருந்தார்.

மாமி வயலில் இறங்கிய நாள்

வரம்போரம் ஒரு முழ அகலத்துக்குப் பயிர் சாயாமல் நின்றது. அங்கே யூரியா சரியாக விழவில்லைபோலும். 2023 பெப்ரவரியில் மாமி அதைப் பார்க்க வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், சின்ன வயதில் தன் தாயோடு விதைக்கதிர் பொறுக்கப் போனவர். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு கட்டாய் விலக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

முதலில் அடியைப் பார்த்தார். பெரும்பாலான கட்டுகளின் அடி பச்சையாக இருந்தது, சிலவற்றில் ஊதா ஓடியிருந்தது. ஊதாவைத் தொடவே இல்லை. பிறகு கதிரைக் கையில் ஏந்தி, விரலிடுக்கில் மெதுவாக உருவினார். வால் வைத்த மணி தட்டுப்பட்டால் விட்டுவிடுவார். கதிரின் அடிமணி சப்பியாக இருந்தாலும் விட்டுவிடுவார். எல்லாம் சரியாக வந்த ஒரு கட்டை நான் காட்டியபோது, சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வேண்டாம் தம்பி. இதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. தனியே நின்றால் எதுவும் கொழுக்கும். நெருக்கத்துக்குள் நின்று நல்லா வந்ததைப் பார்."

அந்த ஒரு சொல்லுக்காகவே அன்றைய நாள் போதும் என்றிருந்தது. வெளியூரில் விதை உற்பத்திப் பயிற்சி ஒன்றுக்குப் போனபோது இதையே வேறு வார்த்தையில் சொல்லித் தந்திருந்தார்கள்: இடைவெளிப் பயிரைத் தெரிவு செய்யாதே. மாமிக்கு அது கையில் இருந்தது.

ஒரு நாள் முழுக்க நடந்து 100 கதிர்கள் எடுத்தோம். ஒவ்வொரு கதிரிலும் இரண்டு மணியை உரித்துச் சிவப்பா என்று பார்த்து, தனித்தனிக் கடித உறையில் போட்டு, இலக்கமிட்டோம்.

மொட்டைக்கறுப்பன் என்ற இன்னொரு பழைய நெல்லின் பெயருக்கு அர்த்தம் எனக்கு அன்றுதான் விளங்கியது. மொட்டை என்றால் வால் இல்லாதது, கறுப்பன் என்றால் கறுத்தது. வால் வைத்த கதிர் ஒன்று அதற்குள் நின்றால் பிடுங்கு என்று பெயரே சொல்லித்தருகிறது. பச்சைப்பெருமாளின் பெயர் அவ்வளவு வெளிப்படையானது இல்லை. அதற்கு மாமி தேவைப்பட்டார்.

2023 சிறுபோகத்தில் 100 உறைகளையும் 100 வரிசையாக, வரிசைக்கு 20 நாற்று, குத்துக்கு ஒரு நாற்று என்று நட்டோம். நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். வேறு செடியோடு கலப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆகவே ஒரே கதிரில் பிறந்த 20 பிள்ளைகளும் ஒரே அச்சாக நிற்க வேண்டும். ஒரு வரிசைக்குள் மூன்று உயரம் தெரிந்தால் அந்தத் தாய் கலப்பு. அப்படியான வரிசையை முழுதாகப் பிடுங்கினோம். பத்து நாள் முந்திக் கதிர் தள்ளியவற்றையும், பத்து நாள் பிந்தியவற்றையும் பிடுங்கினோம். மிஞ்சியது 64 வரிசை.

இங்கே ஒரு விவாதம் வந்தது. ஆகச் சிறந்த ஒரு வரிசையை மட்டும் வைத்துப் பெருக்கலாமே என்று தம்பி கேட்டான். எச் 4இன் தாய்க்கு முருங்கைக்காயன் 302 என்று பெயர். அந்த இலக்கம் அப்படி ஒரே வழியில் தெரிந்தெடுத்த தூய வரிசைக்கு உரியது. ஆராய்ச்சி நிலையத்துக்கு அது பொருந்தும். நமக்கு வேண்டியது ஒரு வருடம் மழை பிந்தினாலும், இன்னொரு வருடம் பூச்சி கூடினாலும் எதையாவது தருகிற நெல். ஓர் இனத்துக்குள்ளேயே சின்னச் சின்ன வேறுபாடுகள் இருப்பதுதான் அதற்குக் காவல். 64 வரிசையையும் ஒன்றாகக் கலந்தோம். இந்த முடிவு சரி என்று நான் இப்போதும் உறுதியாக நம்புகிறேன்.

குருவிதான் பெரிய தொல்லை. வட்டையில் வேறெந்த வயலும் பால்பிடிக்காத நேரத்தில் எங்கள் பாத்தி மட்டும் பால்பிடித்தது, ஊர்க்குருவி முழுக்க அங்கேதான். வலை கட்டித்தான் காப்பாற்றினோம். தாக்கத்தியால் அறுத்து, படங்கில் போட்டுக் கையால் அடித்து, ஒன்றரைப் புசல் எடுத்தோம்.

ஒரு ஏக்கர்

2023/24 பெரும்போகத்தில் அதை ஒரு ஏக்கரில் நாற்றுநட்டோம். விதைப்புக்கு முந்திய மாதமே ஒருமுறை தண்ணீர் கட்டி, உதிர்ந்த பழைய நெல்லை முளைக்கவைத்து உழுது புதைத்தோம். மற்ற வயலோடு சேராதபடி சுற்றிலும் மூன்று மீற்றர் இடைவெளி விட்டோம். யூரியா இல்லை, மாட்டெருவும் கிளிசரியா இலையும்தான். வெட்டுக் கையால்தான், ஆள் தேடி அலைந்து, கூலியும் கூடுதலாகக் கொடுத்து.

34 புசல். தட்டில் 100 மணி உரித்ததில் வெள்ளை ஒன்றும் இல்லை. இன்னொரு 100, அதிலும் இல்லை. மூன்றாவது நூறில் ஒன்று வந்தது. மாமி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து ஏக்கரில் பீஜி 352 அந்தப் போகம் 80 புசலைத் தாண்டியது. இதை மறைக்கக் கூடாது. பாதிக்கும் குறைவான விளைச்சல், அதற்குமேல் கைவெட்டுக் கூலி. பசளையும் மருந்தும் வாங்காத மிச்சம் அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். மீதியை விலைதான் தர வேண்டும். நாலு ஏக்கரையும் பழைய நெல்லுக்கு மாற்று என்று கடன்பட்ட ஒரு விவசாயியிடம் சொல்வது அநியாயம். நாலில் ஒன்று போதும் என்பது எங்கள் கணக்கு.

மில்லும் அடுப்பும்

வயலில் தப்பிய நெல் மில்லில் கலந்தது. முதல் தடவை கொடுத்த இரண்டு மூட்டையில், முந்தியவருடைய அரிசி கால் மூட்டை சேர்ந்தே வந்தது. பொறுப்பாகத் தீட்டுகிறோம் என்று சிவப்பு முழுவதையும் சுரண்டியும் கொடுத்துவிட்டார்கள். இப்போது சின்ன மில் ஒன்றில், முதல் இறங்கும் பத்துக் கிலோவைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதியை எடுக்கிறோம். உமி மட்டும் போகட்டும் என்று பக்கத்திலேயே நிற்கிறோம். தவிட்டோடு இருக்கும் அரிசியில் எண்ணெய்ப்பற்று இருப்பதால் இரண்டு மாதத்தில் காறல் மணம் வந்துவிடும். அதனால் நெல்லாக வைத்து, கேட்கும்போது குத்திக் கொடுக்கிறோம்.

வாங்குகிறவர்களில் பாதிப்பேர் சலரோகத்துக்கு (நீரிழிவுக்கு) நல்லதா என்று கேட்கிறார்கள். தவிட்டோடு இருக்கும் சிவப்பரிசி, தீட்டிய வெள்ளையை விட நல்லது என்று மட்டும் சொல்கிறோம். மருந்து என்று பையில் எழுதச் சொன்ன வியாபாரி ஒருவருக்கு அரிசி கொடுக்கவில்லை. சாதாரண சிவப்பரிசியை விட இரண்டரை மடங்கு விலைக்குத்தான் போகிறது. அந்த விலையைச் சும்மா வாங்க முடியாது. பிட்டு அவித்துப் பார்த்தவர்கள் திரும்ப வருகிறார்கள். தேங்காய்ப்பூவோடு அவிக்கும்போது எழும்புகிற அந்த வாசம் வாசலுக்கு வரும். சோறாக ஆக்கினால் கொஞ்சம் முரடு, முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விற்றால் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

இப்போது

விதைநெல் தனி. நாலைந்து வெயிலில் காயவைத்து, பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடையும் பதத்துக்கு வந்த பிறகே தகரப் பீப்பாவில் போடுகிறோம். நடுவில் வேப்பிலைச் சருகு, மூடியில் மெழுகு. விதைப்புக்கு முன் ஈரச்சாக்கில் 100 மணி முளைபோட்டு, 85க்குக் குறைந்தால் யாருக்கும் கொடுப்பதில்லை.

பீப்பாக்கள் மூன்று. ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று கிளிவெட்டியில் மாமியின் மகள் வீட்டில், ஒன்று நிலாவெளியில். ஒரே இடத்தில் வைக்க வேண்டாம் என்று மாமிதான் சொன்னார். 1990இல் அவர் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடியது இரண்டு பிள்ளைகளையும் ஒரு சீலைப் பொட்டலத்தையும்தான். விதைக்குடம் அடுப்படியிலேயே இருந்தது.

விதை கேட்டு வருகிறவர்களுக்குக் காசுக்குக் கொடுப்பதில்லை. ஒரு மரைக்கால் கொண்டுபோனால் அடுத்த வெட்டில் ஒன்றரை மரைக்கால் திருப்பித் தர வேண்டும், அதையும் நூறு மணி உரித்துப் பார்த்தே வாங்குவோம். இதுவரை ஏழு பேர் கொண்டுபோனார்கள், ஐந்து பேர் திருப்பித் தந்தார்கள். ஒருவருடைய நெல்லில் வெள்ளை 4 இருந்தது. மெசினால் வெட்டினாராம். வரும் மாசியில் மாமியோடு அவருடைய வயலுக்குக் கதிர் பொறுக்கப் போகிறோம். கடித உறை 100 வாங்கி வைத்தாயிற்று.